பிராண்ட் மாத்திரையிலிருந்து ஜெனரிக்குக்கு மாறும்போது: எதைப் பற்றிக் கவலை வேண்டாம், எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்

“ஜெனரிக் மாத்திரையில் மருந்து 20 சதவீதம் குறைவாகவோ 25 சதவீதம் கூடுதலாகவோ இருக்கலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது” என்றொரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. ஜெனரிக் என்பது, முதலில் கொண்டுவந்த நிறுவனத்தின் பிராண்ட் மருந்தில் உள்ள அதே மூலப்பொருளை வேறு நிறுவனம் செய்து விற்பது. விவரம் தெரிந்தவர்கள் வாயிலிருந்தும் இதைக் கேட்கலாம். 80, 125 என்ற எண்கள் விதிமுறையில் இருப்பது நிஜம். ஆனால் மாத்திரைக்குள் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதற்கும் அந்த எண்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

மாத்திரைக்குள் இருக்கும் அளவை மருந்துத் தர நூல்கள் தனியாக வரையறுக்கின்றன. பெரும்பாலான மாத்திரைகளுக்கு, அட்டையில் எழுதியுள்ள அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சிலவற்றுக்கு 95 முதல் 105 வரைதான். இந்த வரம்பு பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் ஒன்றே. 80–125 என்பது வேறொரு சோதனையின் தேர்ச்சி வரம்பு. அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் எங்கே நியாயமானது என்பதும் தெரியும்.

சோதனையில் என்ன செய்கிறார்கள்

வழக்கமாக 24 முதல் 36 ஆரோக்கியமான தன்னார்வலர்களை எடுத்துக்கொள்கிறார்கள். பாதிப்பேர் முதலில் பிராண்டையும் பிறகு ஜெனரிக்கையும் சாப்பிடுவார்கள். மீதிப்பேருக்கு வரிசை தலைகீழ். இரண்டுக்கும் நடுவில், முதல் மருந்து உடம்பைவிட்டு முழுக்க வெளியேறும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அந்த இடைவெளி. ஒவ்வொரு முறையும் ஒரு டஜன் தடவைக்கு மேல் ரத்தம் எடுத்து, நேரத்துக்கு நேரம் மருந்தின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடு வரைகிறார்கள். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்: கோடு தொட்ட உச்சம், கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பு. உச்சம் மருந்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சேர்கிறது என்பதைக் காட்டும். பரப்பு மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டும்.

பிறகு இரண்டு மருந்துகளின் விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த விகிதம் மட்டும் 80-க்கும் 125-க்கும் நடுவில் வந்தால் போதாது. விகிதத்தைச் சுற்றி 90 சதவீத நம்பக எல்லை என்று ஒரு வரம்பு உண்டு; கணக்கிட்ட விகிதம் எவ்வளவு முன்னேபின்னே இருக்கலாம் என்பதை அது காட்டும். அந்த வரம்பு முழுவதும் 80.00-க்கும் 125.00-க்கும் உள்ளே அடங்க வேண்டும். ஒரு ஜெனரிக்கின் விகிதம் 96 சதவீதம், எல்லை 90 முதல் 102 வரை என்றால் தேர்ச்சி. விகிதம் 86, எல்லை 78 முதல் 95 வரை என்றால் தோல்வி. சராசரி 86 ஆக இருந்தும் கீழ் எல்லை 80-க்குக் கீழே போய்விட்டதே. ஆகவே சராசரி நூறிலிருந்து விலக விலகத் தேர்ச்சி பெறுவது கஷ்டம். மேல் வரம்பு 120 ஆக இல்லாமல் 125 ஆக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது: கணக்கு மடக்கை அளவில் நடக்கிறது, 1-ஐ 0.80-ஆல் வகுத்தால் 1.25.

நடைமுறையில் வேறுபாடு எவ்வளவு? அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 12 ஆண்டுகளில் ஏற்றுக்கொண்ட 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009-ல் ஒரு கணக்கு வெளியானது. பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் இடையே சராசரி வேறுபாடு உச்சத்தில் 4.35 சதவீதம், மொத்தப் பரப்பில் 3.56 சதவீதம். ஒரே மாத்திரையை வெறும் வயிற்றில் ஒருநாள், சாப்பாட்டுக்குப் பின் ஒருநாள் போட்டால் பல மருந்துகளில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. இதயநோய்க்குக் கொடுக்கும் டிகாக்ஸின் மாத்திரைகளை 1971-ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே அளவு எழுதிய மாத்திரைகள் ரத்தத்தில் ஏழு மடங்குவரை வித்தியாசம் காட்டின. மருந்தின் அளவு சரியாகத்தான் இருந்தது; கரைந்து ரத்தத்தில் சேர்வதில்தான் அந்த வேறுபாடு. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் ரத்தத்தில் அளந்து ஒப்பிடும் சோதனை கட்டாயமானது. 1984-ல் அமெரிக்காவில் வந்த ஹேட்ச்–வாக்ஸ்மன் சட்டம், இந்தச் சோதனையில் தேறிய ஜெனரிக்குக்கு நோயாளிகள்மீதான பெரிய ஆய்வுகளை மறுபடி செய்யத் தேவையில்லை என்றது. மூலப்பொருள் வேலை செய்கிறதா என்பது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். புதிதாக நிரூபிக்க வேண்டியது அது அதேபோல் ரத்தத்தில் சேர்கிறதா என்பதை மட்டும்தான்.

பிராண்டும் அப்படியே இருப்பதில்லை

மருந்து மாறியதால் வந்த தொல்லை என்று மருத்துவ இலக்கியத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவங்களில் மூன்றை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மூன்றிலும் ஜெனரிக் இல்லை.

1968-ல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிட்டுவந்த பலருக்குத் திடீரென நடை தள்ளாடியது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. மருந்து அளவுமீறிப் போனதன் அறிகுறிகள். மாத்திரை அளவை யாரும் கூட்டவில்லை. காப்சூலுக்குள் இருந்த நிரப்புப்பொருளைத் தயாரிப்பாளர் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தார். கால்சியம் சல்பேட் அதுவரை மருந்தின் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. லாக்டோஸ் அப்படிச் செய்யவில்லை. ஃபெனிடாயினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதை உடைக்கும் கல்லீரல் நொதிகள் ஒரு கட்டத்துக்குமேல் நிரம்பிவிடும். அதன்பிறகு உள்ளே போகும் மருந்து சிறிது கூடினாலும் ரத்த அளவு எகிறும்.

நியூசிலாந்தில் எல்ட்ராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையின் தயாரிப்பு இடம் 2007-ல் மாறியது. மஞ்சள் மாத்திரை வெள்ளையானது, துணைப்பொருட்கள் மாறின, மூலப்பொருள் அதேதான். அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் அந்த மருந்தின்மீது வந்த பக்கவிளைவுப் புகார்கள் 14. மாற்றத்துக்குப் பிந்தைய 18 மாதங்களில் சுமார் 1,400. பிரான்சில் 2017-ல் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை நீக்கி மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோதும் ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. 204 தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில் புது மாத்திரை கடுமையான வரம்புக்குள்ளேயே இருந்தது. அந்த வரம்பு சராசரிக்குத்தானே, தனித்தனி ஆட்களுக்கு எப்படிப் பொருந்தும் என்ற விவாதம் அதன்பிறகு ஆய்விதழ்களில் நடந்தது.

ஆகவே “பிராண்டா, ஜெனரிக்கா” என்று கேட்பதைவிட “மாறியது எது, மாறிய பிறகு எதை எப்போது அளக்க வேண்டும்” என்று கேட்பது பயனுள்ளது. ரத்த அழுத்தம், கொழுப்பு, அமிலச் சுரப்பு, சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி போன்றவற்றுக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் தேவைப்படாது. மாறலாம், மாறியபின் வழக்கமாகப் பார்க்கும் அழுத்தத்தையோ கொழுப்பையோ வழக்கமான தேதியில் பார்த்தால் போதும்.

அளவு நூலிழையில் நிற்கும் மருந்துகள்

சில மருந்துகளுக்குப் பயன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் நடுவே இடம் குறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லெவோதைராக்ஸின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாஸெபின், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், இதயநோய்க்கான டிகாக்ஸின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை இந்த ரகம். இவற்றுக்குச் சோதனை வரம்பும் இறுக்கமானது: ஐரோப்பிய விதிப்படி மொத்தப் பரப்பு 90.00 முதல் 111.11-க்குள் வர வேண்டும். ஜெனரிக்கே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தத் தயாரிப்பை எடுத்தாலும் அதிலேயே நிலைத்திருங்கள். மாறினால் தேதி குறித்துப் பரிசோதனை செய்யுங்கள். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு ஜெனரிக்கும் பிராண்டோடுதான் ஒப்பிடப்படுகிறது. இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடொன்று யாரும் கட்டாயமாக ஒப்பிடுவதில்லை. ஒன்று பிராண்டைவிடச் சற்று மேலேயும் இன்னொன்று சற்றுக் கீழேயும் இருந்தால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடும். மாதாமாதம் வேறு வேறு தயாரிப்பாளரின் மாத்திரை கைக்கு வருவது, பிராண்டிலிருந்து ஒருமுறை மாறுவதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். இதைச் சோதிக்கவே லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தில், ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடக்கூடிய இரண்டு ஜெனரிக்குகளைத் தேர்ந்து நோயாளிகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவில் இரண்டும் சமமாகவே இருந்தன. ஆறுதலான செய்திதான்; ஆனால் அது லாமோட்ரிஜினைப் பற்றிய செய்தி, ஃபெனிடாயினுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

வலிப்பு மருந்துகளை பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-ல் மூன்று பிரிவாக்கியது. எந்த நாட்டவருக்கும் இது நல்ல வழிகாட்டி. முதல் பிரிவில் ஃபெனிடாயின், கார்பமாஸெபின், ஃபீனோபார்பிடால், பிரிமிடோன்: ஒரே தயாரிப்பாளரின் மருந்திலேயே நிற்க வேண்டும். இரண்டாம் பிரிவில் வால்புரோயேட், லாமோட்ரிஜின், டோபிராமேட், குளோபஸாம் முதலியவை: நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யலாம். மூன்றாம் பிரிவில் லெவெடிராஸெட்டாம், கேபாபென்டின், பிரிகேபாலின் போன்றவை: பொதுவாகத் தயாரிப்பாளர் மாறினாலும் பரவாயில்லை. ஓராண்டாக வலிப்பே வராமல் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒரே ஒரு வலிப்பு வந்தாலும் வாழ்க்கை முறையே மாறிவிடும். அதனால் எந்தப் பிரிவானாலும் அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

பரிசோதனைக்கு நாள் குறிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. லெவோதைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் மாறிய இரண்டாம் வாரத்தில், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையைப் பார்த்தால் பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் கலந்த ஒரு எண் கிடைக்கும். அதை நம்பி அளவைக் கூட்டிக் குறைத்தால் குழப்பம் இரட்டிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் மாத்திரை போடும் நேரம் மாறக் கூடாது: வெறும் வயிற்றில், தண்ணீரோடு, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. புது மாத்திரை சரியில்லை என்று வரும் புகார்களில், காலைக் காபியோடு சேர்த்து விழுங்கியதோ சத்து மாத்திரை புதிதாகச் சேர்ந்ததோ காரணமாக இருப்பது சகஜம்.

வார்ஃபரினுக்கு அவ்வளவு பொறுக்கக் கூடாது. மாறிய ஒரு வாரத்துக்குள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து, அடுத்த வாரமும் பார்த்து, நிலையாக இருந்தால் பழைய இடைவெளிக்குப் போகலாம். லித்தியத்துக்கு ஐந்திலிருந்து ஏழு நாள் கழித்து, கடைசி வேளை போட்டுச் சரியாக 12 மணி நேரம் ஆனதும் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் எடுத்தால் அளவு கூடியதுபோல் காட்டும். டாக்ரோலிமஸுக்கு அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன் எடுக்க வேண்டும், அதுவும் மாறிய முதல் வாரத்திலேயே. உறுப்பு மாற்றியவர்கள் சிகிச்சை மையத்துக்குச் சொல்லாமல் எந்த மாற்றத்தையும் ஏற்கக் கூடாது.

மாறுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவைத்தால் பின்னால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். முன் எண் இல்லாமல் பின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரையைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

மெதுவாகக் கரையும் மாத்திரைகள்

ஜெனரிக் நிஜமாகவே பிசகிய இடமும் உண்டு. அது பெரும்பாலும் மருந்தை மணிக்கணக்கில் மெல்ல வெளியிடும் மாத்திரைகளில். மனச்சோர்வுக்கான புப்ரோபியான் எக்ஸ்.எல். 300 மி.கி. இதற்கு நல்ல பாடம். அதன் ஜெனரிக் ஒன்று 2006-ல் அனுமதி பெற்றது. சோதனை நடந்தது 150 மி.கி. மாத்திரையில்தான். அதிக அளவில் இந்த மருந்து வலிப்பைத் தூண்டலாம் என்பதால் தன்னார்வலர்களுக்கு 300 மி.கி. கொடுக்கத் தயங்கி, 150-ன் முடிவையே 300-க்கும் நீட்டினார்கள். மருந்து வேலை செய்யவில்லை, தலைவலி வருகிறது என்று புகார்கள் வந்துகொண்டே இருந்தன. எஃப்.டி.ஏ. தானே 300 மி.கி. மாத்திரையை வைத்து ஒப்பிட்டபோது அதன் உச்சம் பிராண்டின் உச்சத்தில் 75 சதவீதத்தையே தொட்டது. 2012-ல் அந்த மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நோயாளிகள் சொன்னது மனப்பிரமை இல்லை என்று இங்கே நிரூபணமானது.

கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டின் கான்செர்ட்டா மாத்திரையில் இன்னொரு விதம். அந்த மாத்திரையின் மேற்பூச்சில் 22 சதவீத மருந்து. அது உடனே கரையும். மீதி உள்ளே ஒரு கூட்டில் இருக்கும். கூடு நீரை உறிஞ்ச, உள்ளே அழுத்தம் கூடி, சிறு துளை வழியாக மருந்து மெல்ல வெளியேறும். வேலை முடிந்த வெற்றுக்கூடு மலத்தில் வருவதைக் கண்டு மருந்து கரையவில்லை என்று பதறுகிறவர்கள் உண்டு, அது இயல்பு. இந்த அமைப்பு இல்லாமல் வேறு முறையில் செய்த இரண்டு ஜெனரிக்குகள், சிலருக்கு ஏழாவது மணி முதல் பன்னிரண்டாவது மணி வரை மருந்தை மெதுவாக வெளியிடுவதாகக் கண்டு, 2014-ல் எஃப்.டி.ஏ. அவற்றின் சமத்துவத் தகுதியை நீக்கியது. காலையில் போட்ட மாத்திரை மாலைவரை தாங்குகிறதா என்பதே இம்மருந்தின் உயிர்நாடி. மொத்தப் பரப்பும் உச்சமும் பொருந்தியும் அந்த நடுப்பகுதி தவறலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். போன்ற எழுத்துகளை அலங்காரமாக நினைக்காதீர்கள். புப்ரோபியான் எஸ்.ஆர். வழக்கமாக ஒருநாளைக்கு இரண்டு வேளை; எக்ஸ்.எல். ஒரு வேளை. மெட்டோபுரோலாலில் டார்ட்ரேட் உப்பு சாதாரண மாத்திரை, சக்சினேட் உப்பு நாள் முழுக்க வெளியாகும் மாத்திரை. 50-க்கு 50 என்று மாற்றினால் ஒருவேளைக்குப் பதில் இருவேளை தேவைப்படும் மருந்தை ஒருவேளை போட்டுக்கொண்டிருப்பீர்கள். பெரிண்டோபிரில் எர்புமின் 4 மி.கி.யும் பெரிண்டோபிரில் ஆர்ஜினின் 5 மி.கி.யும் சமம், எண் கூடியதைப் பார்த்து அளவு கூடிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, எண்ணைச் சமப்படுத்தப் பார்க்கவும் கூடாது. லித்தியத்தில் கார்பனேட்டும் சிட்ரேட்டும் மி.கி.க்கு மி.கி. சமமில்லை. டாக்ரோலிமஸில் ஒருவேளை வகையும் இருவேளை வகையும் ஒன்றுக்கொன்று பதிலாகாது. சைக்ளோஸ்போரினில் பழைய எண்ணெய்க் காப்சூலும் பின்னால் வந்த நுண்குழம்பு வகையும் வேறு வேறு விதமாகச் சேர்கின்றன. இவையெல்லாம் ஜெனரிக்கின் குறை அல்ல, ஒரே பெயரில் இரண்டு மருந்து இருப்பதால் வரும் வினை. சீட்டில் மூலப்பெயரை மட்டும் எழுதும்போது உப்பையும் வெளியீட்டு வகையையும் விட்டுவிட்டால் இந்தக் கதவு திறந்துகொள்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ராமிபிரிலுக்குப் பதில் லிசினோபிரில் கொடுத்தால் அது ஜெனரிக்குக்கு மாறுவது அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மருந்து. அளவும் நேரமும் வேறு. அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். மருந்து தருபவர் தாமாக மாற்றக் கூடாது.

வீட்டில் நடக்கும் விபத்துகள்

வேதியியலைவிட மேசை இழுப்பறைதான் அதிக ஆபத்தை உண்டாக்குகிறது. லிபிட்டார் பெட்டி பாதி தீர்ந்திருக்கும், புதிதாக அட்டோர்வாஸ்டாட்டின் வந்திருக்கும். இரண்டும் ஒன்றென்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். கொழுப்பு மாத்திரையில் இது சில நாள் தாங்கும். டிகாக்ஸினிலோ வார்ஃபரினிலோ சர்க்கரை மாத்திரையிலோ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். கூட்டு மாத்திரை என்றால் பிசகு இன்னும் எளிது: தனியாக வந்த அம்லோடிபின், பழைய கூட்டு மாத்திரைக்குள்ளும் இருக்கும். புதுப் பெட்டி வந்த அன்றே பழையதை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். தீரட்டும் என்று பக்கத்தில் வைப்பதே தப்பு.

நிறத்தை நம்பி மாத்திரை எடுக்கிறவர்களுக்கு வார்ஃபரின் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் இளஞ்சிவப்பு மாத்திரை 5 மி.கி.; அமெரிக்காவில் அதே இளஞ்சிவப்பு 1 மி.கி. வெள்ளை இன்னும் மோசம்: பிரிட்டனில் 0.5, அமெரிக்காவில் 10, இருபது மடங்கு. வெளிநாட்டுப் பயணத்தில் மருந்து தீர்ந்து அங்கேயே வாங்குகிறவர் “வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று” என்று சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எழுதிவைப்பது எப்போதும் மில்லிகிராமாக இருக்கட்டும்.

தோற்றம் மாறுவது மருந்தையே நிறுத்தவும் வைக்கிறது. மாரடைப்புக்குப் பின் மருந்து எடுப்பவர்களை வைத்து அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறிய பிறகு மருந்தைக் கைவிடும் வாய்ப்பு 34 சதவீதமும் வடிவம் மாறிய பிறகு 66 சதவீதமும் கூடியிருந்தது. கைவிட்ட மருந்தைவிட ஐந்து சதவீதம் குறைவாகச் சேரும் மருந்து எவ்வளவோ மேல். பெட்டியை நீட்டும்போதே “நிறம் மாறியிருக்கிறது, மருந்து அதேதான்” என்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு மருந்தாளுநருக்குப் பத்து வினாடி ஆகும்.

பாதியாக உடைத்துப் போடுகிறவர்கள் புது மாத்திரையில் நடுக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு இல்லாததை உடைத்தால் பாதிகள் சமமாக இருப்பதில்லை. மெல்ல வெளியாகும் வகையானால் உடைத்த கணத்தில் நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரே மூச்சில் போய்விடும். குழாய் வழியாகவோ பொடித்தோ கொடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

துணைப்பொருட்கள் பெரும்பாலோரைத் தொந்தரவு செய்வதில்லை. லாக்டோஸ் சேராதவர்கள் ஒரு மாத்திரையில் உள்ள சில நூறு மி.கி.க்குப் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. பாலில் இருப்பது கிராம் கணக்கு. நிஜமாகப் பார்க்க வேண்டியவர்கள் வேறு: டார்ட்ரஸின் நிறமியால் தடிப்போ இளைப்போ வருகிறவர்கள், நிலக்கடலை அல்லது சோயா ஒவ்வாமை உள்ளவர்கள், அஸ்பார்ட்டேம் ஆகாத ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்கள், ஜெலட்டின் காப்சூலைத் தவிர்க்கிறவர்கள். நீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைக்கு மாறும் ரத்த அழுத்தக்காரர்களையும் சேர்க்க வேண்டும். ஒரு மாத்திரையிலேயே சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கலாம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இந்தப் பட்டியல் இருக்கும்.

மனம் சேர்க்கும் பக்கவிளைவு

புது மாத்திரை கெடுதல் செய்யும் என்று எதிர்பார்த்தாலே உடம்பு சில அறிகுறிகளைக் காட்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் வெற்று மாத்திரையும், சில மாதம் எதுவுமில்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய்யில்லை, அதன் காரணம் மருந்தின் மூலக்கூறு இல்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. எல்ட்ராக்ஸின் புகார்கள் குவிந்ததில் இதற்கும் பங்குண்டு என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். புப்ரோபியான் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நோயாளி சொல்வதை அப்படியே ஏற்பதும் அப்படியே தள்ளுவதும் இரண்டும் சோம்பேறித்தனம். அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

மாத்திரை அல்லாதவற்றில் விதி வேறு. மூச்சில் இழுக்கும் மருந்தில் கருவியும் மருந்தின் பாகம்தான். அழுத்தி இழுப்பதிலிருந்து உறிஞ்சி இழுப்பதற்கு மாறினால் பழகிய முறை பலிக்காது. பெக்லோமெத்தசோனில் நுண்துகள் வகை, சாதாரண வகையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வீரியம். அதனால் அதைப் பிராண்ட் பெயரிலேயே எழுதச் சொல்கிறார்கள். இன்சுலின் போன்ற உயிரித் தயாரிப்புகள் உயிரணுக்களில் உருவாகின்றன, நகல் எடுக்க முடியாது. ஒத்த மருந்து என்றே சொல்வார்கள். ஐரோப்பாவில் ஒத்த மருந்து ஒன்றுக்கு முதல் அனுமதி 2006-ல். இன்சுலினில் மாறுவதானால் பேனாவையும் ஊசியையும் கையில் வைத்துப் பழகிய பிறகு மாறுங்கள். முதல் இரண்டு வாரம் சர்க்கரையைக் கூடுதல் தடவை பாருங்கள்.

மாறும் வாரத்தில் செய்ய வேண்டியது

உடம்பு நிலையாக இருக்கும்போது மாறுங்கள். அளவு கூட்டிய வாரத்திலோ, வேறு மருந்து புதிதாகச் சேர்ந்த வாரத்திலோ, பயணத்துக்கு முந்தைய நாளிலோ வேண்டாம். எது எதனால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. பழைய பெட்டியில் ஒரு வார மருந்து மீதமிருக்கும்போதே புதியதை வாங்கினால், கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்து மூலப்பெயர், உப்பு, மி.கி., வெளியீட்டு எழுத்து நான்கையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். நான்கில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் மாத்திரையை வாயில் போடாமல் மருந்தாளுநரைக் கேளுங்கள். பெரிண்டோபிரிலின் எர்புமின்–ஆர்ஜினின் போல நியாயமான காரணம் இருக்கலாம், எடுத்துக்கொடுத்ததில் தவறும் இருக்கலாம். தயாரிப்பாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே தயாரிப்பு வேண்டும் என்று கேட்கவும், புகார் செய்யவும் இதுதான் உதவும். தொகுதி எண் இல்லாத புகாரை வைத்து ஒழுங்குமுறை அமைப்பால் அதிகம் செய்ய முடியாது.

ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றைச் சட்டென நிறுத்துவது மாறுவதைவிடப் பல மடங்கு ஆபத்து. வலிப்பு, ரத்தக்கசிவு, முகவீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் அன்றே மருத்துவமனை. மற்றவற்றுக்கு என்றைக்குத் தொடங்கியது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் வருகிறது, அதே வாரத்தில் வேறென்ன மாறியது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்த அளவு பார்க்கக்கூடிய மருந்தானால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தயாரிப்புக்கே திரும்பலாம் என்று முடிவானால் அதுவும் ஒரு மாற்றம்தான் என்று கணக்கில் வையுங்கள்: தைராய்டு மாத்திரை என்றால் திரும்பிய நாளிலிருந்து மறுபடியும் ஆறு வாரம் எண்ணித்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.